கஞ்சா வழக்கில் அப்பீல்: சாட்சியத்தின் எடையா, சாக்கின் எடையா?

கேள்வி, 2025 பிப்ரவரி 6

அக்கா வீட்டுக்காரருக்குக் கஞ்சா விற்கக் கொண்டுவந்ததாக 10 வருஷம், 1 லட்சம் அபராதம் என்று ஜனவரி 27-ம் தேதி தீர்ப்பு. ரயிலை விட்டு இறங்கும்போது 24 கிலோவோடு பிடித்தோம் என்பது கேஸ். சாட்சி சொன்னது எல்லாம் போலீஸ்தான். வெளி ஆள் என்று ஒரே ஒரு டீ விற்கிறவர், அவரும் பிறழ்ந்துவிட்டார். இவ்வளவு லேசான சாட்சியத்துக்கு 10 வருஷமா? ஹைகோர்ட்டில் சட்டப் பாயிண்ட் இருந்தால்தான் எடுப்பார்கள், சாட்சியத்தைத் திரும்பப் பார்க்கவே மாட்டார்கள் என்கிறார் ஊர் வக்கீல். உண்மையா? அக்கா நகையை வைத்து அப்பீல் போடுவதில் அர்த்தம் உண்டா?

பிப்ரவரி 6, இரவு

உண்மை இல்லை. அவர் சுப்ரீம் கோர்ட்டை நினைத்துக்கொண்டு சொல்கிறார். சிறப்பு நீதிமன்றம் கொடுத்த தண்டனைக்கு ஹைகோர்ட்தான் முதல் அப்பீல். முதல் அப்பீல் என்றால் வழக்கு அங்கே இன்னொரு தடவை நடக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாட்சிக் கூண்டில் யாரும் ஏற மாட்டார்கள், ஆனால் சொன்னது முழுவதையும் ஜட்ஜ் முதலில் இருந்து படித்து, கீழ்க்கோர்ட் நம்பியதை நாமும் நம்பலாமா என்று தானே முடிவு செய்யவேண்டும். சாட்சியம் கனக்கிறதா, காற்றில் பறக்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே வேலையே.

கெடு 60 நாள். காப்பி வாங்க ஆன நாளைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள், மார்ச் 28 என்று காலண்டரில் வட்டம் போடுங்கள். தீர்ப்பு நகல் தண்டனை பெற்றவருக்கு இலவசம். அதோடு நிற்காமல் எல்லா சாட்சிகளின் வாக்குமூலம், பிடித்த இடத்தில் போலீஸ் எழுதிய அத்தாட்சி, பொருளைக் கோர்ட்டில் ஒப்படைத்த படிவம் 95, ரசாயனப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றுக்கும் இன்றைக்கே நகல் மனு போடுங்கள்.

நான் வக்கீல் இல்லை. மதுரையில் ஒரு கிரிமினல் சீனியரிடம் 19 வருஷம் குமாஸ்தா. ஹைகோர்ட் கிளை வந்த பிறகு டைப்டு செட், அதாவது ஜட்ஜ் படிப்பதற்காக வழக்குத் தாள்களை டைப் செய்த கட்டு, அடித்தே விரல் தேய்ந்தவன்.

பிப்ரவரி 7, காலை

தூங்கி எழுந்து யோசித்ததில் ஒன்று. டீ விற்கிறவர் பிறழ்ந்ததைப் பெரிய ஆயுதமாக நினைக்காதீர்கள். போலீஸ் சாட்சி நம்பும்படி இருந்தால் அதை மட்டும் வைத்தே தண்டிக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் பல தடவை சொல்லியாகிவிட்டது. போதாக்குறைக்கு இந்தப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் (என்.டி.பி.எஸ்.) 35, 54 என்று இரண்டு பிரிவு இருக்கிறது. பொருள் உங்களிடம் இருந்தது என்று ஆகிவிட்டால், தெரிந்தேதான் வைத்திருந்தீர்கள் என்று கோர்ட் அனுமானிக்கும், இல்லை என்று நிரூபிப்பது உங்கள் தலையில் வரும். 2008-ல் நூர் ஆகா வழக்கில் ஒரு கட்டு போட்டார்கள்: அந்த அனுமானம் வருவதற்கு முன்னால் அடிப்படை விஷயங்களை அரசுத் தரப்பு நிரூபித்துவிட்டுத்தான் வரவேண்டும். என்ன பிடித்தார்கள், எவ்வளவு பிடித்தார்கள், பிடித்ததும் சோதனைக்குப் போனதும் ஒன்றேதானா. உங்கள் சண்டை அங்கேதான்.

42-ம் பிரிவையும் பாருங்கள், தகவல் கிடைத்ததை எழுதி வைத்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்பினார்களா என்று.

பிப்ரவரி 7, மாலை

காலையில் கடைசி வரியில் உளறிவிட்டேன், கோயம்புத்தூர் வக்கீல் ஒருவர் கொட்டு வைத்திருக்கிறார், வாங்கிக்கொண்டேன். ரயில் நிலையம் பொது இடம், அதற்கு 43-ம் பிரிவு. 42 என்பது வீடு, குடோன் மாதிரி இடங்களுக்கு. 42 மீறப்பட்டது என்பதையே முதல் காரணமாக எழுதினால் ஜட்ஜ் இரண்டாவது பக்கத்திலேயே சலித்துக்கொள்வார்.

50-ம் பிரிவு, அதாவது கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதனை போடச் சொல்லும் உரிமை, அது உடம்பைச் சோதிப்பதற்குத்தான். பைக்கு, சாக்குக்கு, பெட்டிக்கு இல்லை. 2005-லேயே தீர்ந்துபோன சங்கதி, இன்னும் பாதிப் பேர் அப்பீல் காரணங்களில் முதலில் இதைத்தான் எழுதுகிறார்கள். நானே நூறு தடவை அடித்திருப்பேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சரி, எடை விஷயத்தில் நான் கோட்டைவிடப் பார்த்த ஒரு வழக்கின் கதையைச் சொல்லிவிடுகிறேன், பேர் ஊர் இல்லாமல்.

2017-ல் ஒரு பையன், லோடு ஏற்றி இறக்குகிறவன், இரண்டு சாக்குக் கஞ்சாவோடு ஒரு பஸ் நிறுத்தத்தில் பிடிபட்டான். அத்தாட்சியில் ஒன்று 10 கிலோ 600, இன்னொன்று 10 கிலோ 500, ஆக 21 கிலோ 100. இந்தச் சட்டத்தில் கஞ்சாவுக்கு 1 கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. தாண்டினால் என்றால் தாண்டவேண்டும், சரியாக 20 இருந்தால் இல்லை. நடுவில் இருந்தால் 10 வருஷம் வரைக்கும் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம், இரண்டு வருஷம் கூடப் போடலாம். தாண்டிவிட்டால் 10 வருஷத்துக்குக் குறைக்க ஜட்ஜுக்கே அதிகாரம் இல்லை, கையைக் கட்டிவிடுகிறது சட்டம். ஜாமீனுக்கும் 37-ம் பிரிவு குறுக்கே படுத்துக்கொள்ளும்.

2018 அக்டோபரில் 10 வருஷம் போட்டார்கள். எங்கள் ஆபீசில் யாரும் கலங்கவில்லை, ஏனென்றால் அந்த ஆகஸ்டில்தான் மோகன்லால் தீர்ப்பு வந்திருந்தது. பிடித்த அதிகாரியே புலன்விசாரணையும் செய்தால் வழக்கு கெட்டுப்போகும் என்ற தீர்ப்பு. இங்கே பிடித்ததும் விசாரித்ததும் ஒரே இன்ஸ்பெக்டர். சீனியர் அப்பீல் காரணங்களை எழுதும்போது முதல் ஐந்து பாராவும் மோகன்லால்தான். பையனின் அம்மாவிடம் தீபாவளிக்கு இல்லாவிட்டாலும் பொங்கலுக்கு வந்துவிடுவான் என்று நானே சொன்னேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றும். 2019 பிப்ரவரியில் அந்தத் தீர்ப்பு பழைய வழக்குகளுக்கு அப்படியே பொருந்தாது என்றார்கள். 2020 ஆகஸ்ட் 31-ல் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து முகேஷ் சிங் வழக்கில் மோகன்லாலையே தூக்கிப் போட்டுவிட்டார்கள். பையன் உள்ளேயே இருக்கிறான், எங்கள் கையில் ஒன்றும் இல்லை.

இப்போது என் கோளாறு. டைப்டு செட் அடிக்கும்போது படிவம் 95-ன் நகல் வந்தது. போலீஸ் பொருளைக் கோர்ட்டில் ஒப்படைக்கும்போது கூடவே கொடுக்கும் தாள் அது. எடை என்ற கட்டத்தில் 20 கிலோ 900. 50 கிராம் வீதம் நான்கு மாதிரி எடுத்தார்கள், 200 கிராம் போனால் 20.900, சரியாக இருக்கிறது. ஆனால் அதே தாளின் ஓரத்தில், கோர்ட் சொத்து எழுத்தர் நீல மையில் சின்னதாக 19.700 என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டிருக்கிறார். நான் என்ன செய்தேன்? ஏதோ கைத்தவறு, இல்லை வேறு வழக்கின் நம்பர் என்று நினைத்து, அடிக்காமலேயே விட்டுவிட்டேன். ஜெராக்ஸில் வேறு அரைகுறையாகத்தான் தெரிந்தது.

கம்பேர் செய்யும்போது சீனியர் பிடித்தார். மூலத்தை அவர் படிக்க நான் டைப் செய்ததைப் பார்க்கவேண்டும், அதுதான் முறை. "ஓரத்தில் ஒண்ணு இருக்கே, அது எங்கே?" நான் விளக்கம் சொன்னேன். "திருத்துறதுக்கு நீ யாரு?" என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு, அ.சா.2-ன், அதாவது அரசுத் தரப்பு இரண்டாம் சாட்சியான ஏட்டின், குறுக்கு விசாரணையை எடுக்கச் சொன்னார். அங்கே ஒரு வரி. விசாரணைக் கோர்ட்டில் எங்கள் ஜூனியர் எதற்கென்றே தெரியாமல் கேட்ட கேள்விக்கு ஏட்டு சொன்ன பதில்: சாக்கோடு சேர்த்துத்தான் எடை போட்டோம், காலிச் சாக்கைத் தனியாக எடை போடவில்லை.

ஒரு சாக்கு 600 கிராம் என்று வையுங்கள். இரண்டு சாக்கு 1 கிலோ 200. 21.100-ல் கழித்தால் 19.900. மாதிரி 200 கிராமையும் கழித்தால் 19.700. நீல மையில் இருந்த அதே நம்பர். அன்றைக்கு அந்த ஆபீசில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

கூடுதல் காரணம் என்று போட்டு அதை உள்ளே நுழைத்தோம். அரசு வக்கீல், கஞ்சா காய்ந்து எடை குறைந்திருக்கும் என்றார். காயும், நிஜம்தான், அதை மறுக்கவில்லை. காய்ந்தது என்று எந்தச் சாட்சி சொன்னார், சாக்கின் எடை எங்கே போயிற்று என்பது சீனியரின் கேள்வி. தராசு எங்கிருந்து வந்தது என்றும் கேட்டார், பக்கத்துக் காய்கறிக் கடையில் வாங்கியதாம், அந்தக் கடைக்காரர் சாட்சியே இல்லை. 2023-ல் தீர்ப்பு. விடுதலை இல்லை. கஞ்சா வைத்திருந்தது நிரூபணம், வணிக அளவு என்பது நிரூபணம் இல்லை, சந்தேகத்தின் பலன், அனுபவித்த காலமே தண்டனை. ஆறு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். அவன் அம்மா அதற்கு முந்தின வருஷமே போய்விட்டார்.

பிப்ரவரி 9, கொஞ்சம் கழித்து

எலி கதையை யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன், எழுதிவிட்டீர்கள். ஆமாம், 2023 ஜூலையில் சென்னை சிறப்பு நீதிமன்றத்தில் 22 கிலோ வழக்கில் மீதியை எலி தின்றுவிட்டது என்று சொல்லி, பொருள் வராததால் இரண்டு பேர் விடுதலை. அதற்கு முந்தின வருஷம் உத்தரப் பிரதேசத்து மதுராவில் 500 கிலோவுக்கு மேல் எலி தின்றது என்று கோர்ட்டிலேயே சொன்னார்கள். எங்கள் வீட்டு எலி தேங்காயைக் கூட முழுசாகத் தின்னாது.

பிப்ரவரி 12

அமெரிக்கப் பக்கம் ஒன்றைப் படித்துவிட்டு, அங்கே சாட்சியத்தின் எடைக்கு எதிரான தீர்ப்பு என்றே ஒரு அப்பீல் காரணம் இருக்கிறதாமே, இங்கே இல்லையா என்று ஒருவர் கேட்கிறார். இருக்கிறது. அங்கே ஜூரி 12 பேர் முடிவு சொல்லிவிடுவதால், சில மாநிலங்களில் அப்பீல் கோர்ட்டைப் பதின்மூன்றாவது ஜூரர் என்பார்கள். சாட்சியம் அடியோடு போதவில்லை என்று சொன்னால் மறுபடி விசாரிக்க முடியாது, சாட்சியம் இருக்கிறது ஆனால் கனம் எதிர்ப்பக்கம் சாய்கிறது என்று சொன்னால் மறுபடி விசாரிக்கலாம், 1982-ல் அவர்களுடைய சுப்ரீம் கோர்ட் டிப்ஸ் வழக்கில் போட்ட கோடு. இங்கே ஜூரி இல்லை, அந்தக் கோடும் தேவைப்படவில்லை. நம்முடைய அப்பீல் ஜட்ஜ் நேராகவே திரும்ப எடை போடலாம்.

பிப்ரவரி 15

"கஞ்சாக்காரனுக்கு வழி காட்டுகிறீர்களே, வெட்கமாக இல்லையா" என்று எழுதியவருக்கு.

எங்கள் தெருவில் கஞ்சாவால் கெட்ட பிள்ளைகளை நீங்கள் பார்த்ததை விட நான் அதிகம் பார்த்திருப்பேன், அதில் ஒருவன் என் அண்ணன் மகன். ஆந்திர-ஒடிசா எல்லை மலையில் விளைய வைத்து, பணம் போட்டு, இங்கே வாங்குகிறவன் ஒருத்தன் இருக்கிறான், 19 வருஷத்தில் அவன் கேஸ் கட்டு எங்கள் மேஜைக்கு வந்ததே இல்லை. வருவதெல்லாம் சாக்குத் தூக்கினவன்தான். தூக்கினவனைத் தண்டிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தண்டித்தார்கள், ஆறு வருஷம் இருந்தான். மீதி நாலு வருஷத்தைக் காலிச் சாக்குக்காக இருக்கச் சொல்கிறீர்களா?

கொஞ்சம் சூடாகிவிட்டது. இருக்கட்டும், அழிக்கவில்லை.

பிப்ரவரி 18

9-ம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். சாக்கு 600 கிராம் என்று வாயால் அடித்துவிட்டேன் என்று ஒருவர் மடக்கினார். நேற்று மளிகைக் கடையில் நாலு காலிச் சாக்கை எடை போட்டுப் பார்த்தேன்: 570, 585, 640, கொஞ்சம் ஈரமாக இருந்த ஒன்று 710. எங்கள் வழக்கில் அந்தச் சாக்கையே யாரும் எடை போடவில்லை. போடாததால்தான் சந்தேகத்தின் பலன். போட்டு 400 கிராம் என்று வந்திருந்தால் எங்கள் கதை முடிந்திருக்கும், அதையும் சொல்லவேண்டும் அல்லவா.

இன்னொருவர், 2020-ல் ஹீரா சிங் வழக்கில் கலப்படத்தையும் சேர்த்து மொத்த எடை என்று சொல்லிவிட்டார்களே, சாக்கு வாதம் செல்லுமா என்கிறார். செல்லும். அது ஹெராயினில் கலக்கும் மாவு மாதிரி, போதைப்பொருளோடு கலந்துவிட்ட சரக்கைப் பற்றியது. சாக்கு கலவை இல்லை, உறை. அரிசி வாங்கினால் சாக்கையும் சேர்த்தா சோறு வடிக்கிறோம்?

இலை, விதை விஷயம் வேறு. சட்டத்தின் விளக்கப்படி கஞ்சா என்றால் பூக்கும், காய்க்கும் நுனிகள். நுனியோடு சேராமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் சேராது. சேர்ந்தே இருந்தால் கழிக்க முடியுமா என்பதில்தான் இழுபறி. ரசாயன அறிக்கையில் பொருளை எப்படி வர்ணித்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் இந்த வாதத்தைத் தொடாதீர்கள்.

பிப்ரவரி 23

பிடித்த பொருளில் மாதிரி எடுப்பது பற்றிய 52-ஏ பிரிவைப் பற்றி நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். பிடித்த இடத்திலேயே மாதிரி எடுத்து முத்திரை வைப்பது பழைய பழக்கம். மாஜிஸ்திரேட் முன்னால்தான் எடுக்கவேண்டும் என்று 2016-ல் மோகன்லால் வழக்கில் சொன்னார்கள் (இது வேறு மோகன்லால், குழம்பாதீர்கள், எனக்கே இரண்டு ஃபைல் மாறிப்போயிருக்கிறது). 2000-ல் சென்னையில் பிடித்த 20 கிலோ ஹெராயின் வழக்கில், 2023 அக்டோபரில் யூசுப் என்பவரை சுப்ரீம் கோர்ட் இதே காரணத்தால் விடுவித்தது. அதைப் படித்துவிட்டு எல்லாரும் துள்ளினார்கள். நான் துள்ளவில்லை, அந்த 2018 மோகன்லால் போட்ட சூடு இன்னும் ஆறவில்லை. போன மாதம், 2025 ஜனவரியில், பாரத் ஆம்பலே வழக்கில் 52-ஏ மீறல் மட்டுமே வழக்கைக் கவிழ்க்காது, மற்ற சாட்சியம் நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். திரும்பத் திரும்பச் சாட்சியத்தின் கனத்துக்கே வருகிறோம், பார்த்தீர்களா.

அக்கா கேட்டதாகச் சொன்னீர்கள், தண்டனையை நிறுத்தி வைக்க முடியுமா என்று. 32-ஏ முடியாது என்கிறது, ஆனால் 2000-ல் தாது வழக்கில் கோர்ட்டின் அந்த அதிகாரத்தைப் பறிக்கும் பகுதி செல்லாது என்றார்கள். மனு போடலாம், 37-ம் பிரிவைத் தாண்டவேண்டும், கஷ்டம். நகையை அடகு வைத்து அதற்கென்று தனியாகச் செலவு செய்யாதீர்கள். ஹைகோர்ட் சட்டப் பணிகள் குழுவில் இலவசமாக வக்கீல் தருவார்கள், சிறை வழியாகவே விண்ணப்பிக்கலாம்.

மார்ச் 2

கேள்வி கேட்ட தம்பி நகல் எல்லாம் வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறார், முதலில் அதற்கு ஒரு சபாஷ். அவர் சொல்வதைப் பார்த்தால்: இரண்டு டிராலி பெட்டி, உள்ளே பழுப்பு டேப் சுற்றிய 12 பொட்டலம், "ஒவ்வொன்றும் 2 கிலோ, ஆக மொத்தம் 24 கிலோ".

இங்கே சிலர் உடனே டிராலியின் எடையைக் கழிக்கக் கிளம்பிவிட்டீர்கள். வேண்டாம், பொட்டலத்தை வெளியே எடுத்துத்தான் போட்டதாக அத்தாட்சி சொல்கிறது. என் சாக்குக் கதை இந்த வழக்குக்கு அப்படியே ஒட்டாது. 12 டேப் உறையைக் கழித்தாலும் 4 கிலோ போகாது.

எனக்கு உறுத்துவது வேறு. 12 பொட்டலமும் கிராம் பிசகாமல் 2 கிலோவா? கடையில் சர்க்கரைப் பாக்கெட்டை வரிசையாக எடை போட்டாலே அஞ்சு கிராம், பத்து கிராம் வித்தியாசம் வரும். ஒன்றை எடை போட்டுப் பன்னிரண்டால் பெருக்கினார்களா? அதை விட முக்கியம், மாதிரி எந்தப் பொட்டலத்தில் எடுத்தார்கள்? 1993-ல் கோவாவில் இருந்து போன ஒரு வழக்கு, கௌன்டர் எட்வின் கிர்ஷர். இரண்டு துண்டு சரஸ் (கஞ்சாப் பிசின்) பிடித்து ஒன்றை மட்டும் சோதனைக்கு அனுப்பினார்கள். அனுப்பிய துண்டு மட்டும்தான் சரஸ் என்று நிரூபணம், இன்னொன்று என்னவென்று யாருக்கும் தெரியாது என்றது சுப்ரீம் கோர்ட். அ.சா.1 வாக்குமூலத்தில் மாதிரி எடுத்த வரியைத் தேடி அப்படியே எழுதுங்கள், உங்கள் வார்த்தையில் வேண்டாம்.

மார்ச் 3, காலை

எழுதிவிட்டார். "முதலாவது பொட்டலத்திலும் ஏழாவது பொட்டலத்திலும் தலா 50 கிராம் எடுத்து..." இவ்வளவுதான். சோதனைக்குப் போனது பன்னிரண்டில் இரண்டு பொட்டலம், அதாவது 4 கிலோவுக்கு மட்டும்தான் நிரூபணம் என்று வாதாடலாம்.

குதிக்காதீர்கள். அரசுத் தரப்பு 1989-ன் நிலை ஆணையை எடுத்துவரும். ஒரே மாதிரி பொட்டலங்கள் என்றால் கஞ்சாவுக்கு 40 வரை ஒரு கட்டாகச் சேர்த்து மாதிரி எடுக்கலாம் என்று அதில் இருக்கிறது. ஆனால் அதற்கும் நிபந்தனை உண்டு: அளவும் எடையும் ஒன்றாக இருக்கவேண்டும், ஒவ்வொரு பொட்டலத்தையும் சோதனைப் பெட்டியின் மருந்தில் போட்டு நிறம் ஒன்றாக வருகிறதா என்று பார்த்திருக்கவேண்டும். பார்த்தோம் என்று அத்தாட்சியில் இருக்கிறதா? அ.சா.1, அ.சா.2, விசாரணை அதிகாரி மூன்று பேரில் யாராவது கூண்டில் சொன்னார்களா? ஒரே ஒருவர் ஒரே ஒரு வரி சொல்லியிருந்தாலும் இந்த வாதம் பாதியாகிவிடும், அதனால் மூன்றையும் வரி வரியாகப் படியுங்கள், அக்காவையும் கூட உட்கார வைத்துப் படியுங்கள், ஒருவர் வாசிக்க ஒருவர் பார்க்கவேண்டும். ஓரத்தில் பேனாவால் என்ன இருந்தாலும் விடாதீர்கள்.

மார்ச் 3, இரவு

மூன்று பேருமே சொல்லவில்லையாம். அத்தாட்சி நாலாவது பக்கத்தில் மட்டும் "முகர்ந்து பார்த்ததில் கஞ்சா வாசனை" என்று இருக்கிறதாம். எதை முகர்ந்தார்கள், பன்னிரண்டையுமா, இரண்டையா என்று அதில் இல்லை.

தம்பி, அந்தப் பக்கத்தில் ஒரு தாளைச் செருகி வையுங்கள். வக்கீலிடம் போகும்போது பையில் இருந்து முதலில் அதை எடுங்கள். இன்னும் 25 நாள் இருக்கிறது.